ஒரு பொத்தான் தைக்கிற நேரத்துக்கு ஒரு கரண்டி

நர்ஸ் படிப்பு முடித்த பெண்கள் நாலைந்து பேர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே குறைப்பட்டாள். "தாய்மாருங்களுக்கு எம்புட்டு சொன்னாலும் ஏற மாட்டேங்குதும்மா. சுவர்ல படம் ஒட்டியிருக்கோம், நோட்டீஸ் குடுக்கிறோம். தலையை ஆட்டிட்டுப் போயி பழையபடிதான் செய்யிறாங்க. உங்க காலத்துல எப்படித்தான் சொல்லிக் குடுத்தீங்க? எழுதிக் குடுங்களேன்."

எங்கள் காலத்தில் படமும் கிடையாது, நோட்டீஸும் கிடையாது. நோட்டீஸ் இருந்திருந்தாலும் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆனாலும் சொல்லிக் கொடுத்தோம். அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. முதலில் நான் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மேலூர்ப் பக்கத்துப் பெண். அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். "எஸ்தர் கையில காயம் கட்டினா வலிக்காது" என்று வீட்டில் எல்லோரும் சொன்னதை நம்பி, மதுரையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். மூன்று வருஷம் தரை துடைத்தேன், பேதித் துணி அலசினேன், பால் புட்டிகளைக் கொதிக்க வைத்தேன், காய்ச்சல் பார்த்துச் சிலேட்டில் எழுதினேன். கடைசியில் கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி கொடுத்தார்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம்.

எங்கள் வார்டை ஆண்டவர் தலைமை நர்ஸ் ரத்னபாய். நாகர்கோவில் பக்கம். எல்லோருக்கும் அவர் 'பெரிய சிஸ்டர்'. குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கொதிக்க வைத்த புட்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோவார். பால் வாடை துளி இருந்தாலும், "இன்னொரு தடவை" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த இரண்டு வார்த்தைக்கு நாங்கள் பயந்ததுபோல் எந்தத் திட்டுக்கும் பயந்ததில்லை. பேதிக் குழந்தைகளுக்கு உப்பும் சர்க்கரையும் போட்டு நாங்கள் கலக்கும் தண்ணீரை, குழந்தைக்குக் கொடுக்கும் முன் ஒரு சொட்டு தன் நாக்கில் வைத்துப் பார்ப்பார். "கண்ணீரைவிட உப்புக் கூடினால் கொட்டிவிடு" என்பார். எத்தனை முறை கொட்டியிருக்கிறேன்!

காலை எட்டு மணிக்கு வெளி நோயாளிகள் கூடும் கொட்டகையில் தாய்மாருக்குப் புத்தி சொல்லும் வேலையை எனக்குத் தந்தார்கள். முதல் நாள் நான் பேசினேன் பாருங்கள், மேடைப் பிரசங்கம் தோற்றுவிடும். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதக்கூடாது, வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுக்கக்கூடாது, தொப்புளில் சாம்பல் வைக்கக்கூடாது, அபின் கலந்த மருந்து கொடுக்கக்கூடாது என்று கூடாது கூடாதாகவே அடுக்கிக்கொண்டு போனேன். முன்வரிசையில் ஆனையூரிலிருந்து வந்த பேச்சி என்ற, உழவு செய்யும் சம்சாரி வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆறாவது பிள்ளை. நான் முடித்ததும் அமைதியாகக் கேட்டாள்.

"நீ எத்தனை புள்ள பெத்திருக்கேத்தா?"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது மடல் சுட்டது.

அடுத்த வாரமும் பேச்சி வந்தாள், பிள்ளைக்குச் சளி, மூச்சில் இரைப்பு. அந்த முறை நான் பிரசங்கம் செய்யவில்லை. வெந்நீரும் எண்ணெயும் கொண்டுவந்து வைத்து, "எனக்குப் பிள்ளை இல்லக்கா. நீங்க குளிப்பாட்டுறதை நான் பாக்கணும், காட்டுங்க" என்றேன். அவள் கால்களை நீட்டி, பிள்ளையைக் கணுக்கால் மேல் கிடத்தி, உடம்பு நீவினாள். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லாத நேர்த்தி. கழுத்து மடிப்பு, தொடை மடிப்பு, காதின் பின்புறம் எதையும் விடவில்லை. கடைசியில் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதக் குனிந்தாள். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"அம்புட்டும் அருமையா செஞ்சீங்க. இது ஒண்ணு மட்டும் வேண்டாங்க்கா. ஊதுன எண்ணெய் நெஞ்சுக்குள்ள போயிருது. அந்த இரைப்பு அதனாலதான்."

பேச்சி பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இதைப் போன வாரமே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். மறுவாரம் ஆனையூரிலிருந்து நாலு பெண்களை வண்டி பிடித்துக் கூட்டி வந்தாள். அதன்பின் நான் யாருக்கும் எதையும் 'கூடாது' என்று தொடங்கிச் சொன்னதில்லை. முதலில் செய்து காட்டச் சொல்வேன். எங்கே தடம் மாறுகிறதோ அங்கே மட்டும் கையை நீட்டுவேன்.

இதை நான் கற்றுக்கொண்டு ஓரிரு வருஷம் கழித்துத்தான் காதர் பாய் வந்தார்.

அது கடுங்கோடை. வைகையில் மணல்தான் ஓடிற்று. கிணறுகள் அடி தட்டி, கலங்கல் தண்ணீரைத்தான் ஊரே குடித்தது. வார்டில் முப்பது கட்டில், பாதிக்குமேல் பேதிப் பிள்ளைகள். நர்ஸ்கள் நாங்கள் இரண்டு பேர். உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டுவது எப்போதும் தாய்மார் வேலை. நாங்கள் கலந்து கொடுப்போம், கணக்குப் பார்ப்போம்.

காதர் பாய் தெற்குவாசல் பக்கம் தையல் கடை வைத்திருந்தார். மனைவி மைமூனுக்கு விஷக் காய்ச்சல் முற்றி நினைவு தப்பி, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெண்கள் வார்டில் கிடந்தாள். தாய்ப்பால் நின்று புட்டிப்பால் குடித்த ஒன்பது மாதப் பெண் குழந்தை சுலைகாவுக்குப் பேதி பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை ஏழு மணிக்குக் குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். துண்டை விலக்கினேன். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. உச்சிக்குழி விரல் பதியும் அளவுக்குப் பள்ளம். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியது அப்படியே நின்றது. குழந்தை அழுதது. கண்ணீர் வரவில்லை.

டாக்டரம்மா குழந்தையின் தொடையில் ஊசி குத்தி, தோலுக்கடியில் உப்புத் தண்ணீர் ஏற்றினார். அந்நாளில் அதுதான் வழி. தொடை இரண்டும் பன் ரொட்டி போல உப்பின. "இது பாதிதான், எஸ்தர். மீதியை வாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு கரண்டி. சாயங்காலத்துக்குள் சிறுநீர் கழிக்காவிட்டால்…" என்றபடி அடுத்த கட்டிலுக்குப் போனார்.

யார் புகட்டுவது? தாய் நினைவின்றிக் கிடக்கிறாள். பாயின் அம்மா காலமாகிவிட்டார். மைமூனின் பிறந்த வீடு ராமநாதபுரம் பக்கம், கடிதம் போய்ச்சேர்ந்து ஆள் வர இரண்டு நாளாகும். நான் ஒரு கட்டிலில் உட்கார்ந்தால் மற்ற இருபத்தொன்பது பிள்ளைகள் என்னாவது? பாயோ வெளியே கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிற்கிறார். வார்டுக்குள் ஆண்கள் வரக்கூடாது. நாலு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். அந்நிய ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் நம்பி வருகிற ஆஸ்பத்திரி. அந்தச் சட்டத்தில் பெரிய சிஸ்டர் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

நான் கேட்டுக்கு ஓடினேன். பாய் முந்திக்கொண்டார்.

"நர்ஸம்மா, ஒங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். புள்ளைக்குத் தண்ணி மட்டும் குடுத்துராதீங்க."

"ஏன் பாய்?"

"மூத்தவன் ஒருத்தன் இருந்தான். போன வருசத்துக்கு முந்தின வருசம் இதே பேதிதான். 'அத்தா, தண்ணி தண்ணி'ன்னு அழுதான். எனக்கு மனசு கேக்கலை, குடுத்துட்டேன். சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள மவுத்தாப் போயிட்டான். நாந்தாம்மா எம் புள்ளையைக் கொன்னேன். தெருவே சொல்லுது."

அவர் அழவில்லை. அளவு சொல்வதுபோல் சொன்னார். 'தண்ணீர் கொல்லாது' என்று நாக்கு நுனிவரை வந்தது. பேச்சி ஞாபகத்துக்கு வந்தாள். விழுங்கிக்கொண்டு கேட்டேன். "எப்படிக் குடுத்தீங்க பாய்? செஞ்சு காட்டுங்க."

அவர் இரு கையையும் குவித்து, சொம்பைத் தூக்கி வாயில் கவிழ்ப்பதுபோல் காட்டினார். "மடக்கு மடக்குனு குடிச்சான். மறு நிமிசம் அம்புட்டும் வெளிய வந்துருச்சு."

"கிணத்துத் தண்ணியா? காய்ச்சுனதா?"

"காய்ச்சணும்னு யாருக்குத் தெரியும்?"

"பாய், உங்க மகன் எதனால போனான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா பேதியில உடம்புத் தண்ணி வத்திப் போகுது. அதைத் திருப்பிக் குடுத்தே ஆகணும். மொத்தமா ஊத்துனா வயிறு வெளிய தள்ளிரும். ஒவ்வொரு கரண்டியா விட்டா, வயித்துக்கே தெரியாம உள்ள போயிரும். அதைச் செய்ய இங்க ஆள் இல்ல. நீங்க வாங்க."

"உள்ளயா? ஆம்பளையா?"

"வாங்க."

வார்டின் பின்புறம் ஒரு வராந்தா உண்டு, துணி காயப்போடும் இடம். அங்கே தொட்டிலை இழுத்துப் போட்டு, வார்டுப் பக்கம் ஒரு துணித் திரையை நிறுத்தி, பின்வாசல் வழியாக அவரைக் கூட்டிவந்து முக்காலியில் உட்கார வைத்தேன். பெரிய சிஸ்டர் அப்போது ஆபரேஷன் அறையில் இருந்தார். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார் என்ற பயம்.

கிண்ணத்தையும் கரண்டியையும் கொதிநீரில் போட்டு எடுத்தேன். காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். பாயைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவச் சொன்னேன். குழந்தையின் தலையைச் சற்று உயர்த்தி, கரண்டி நுனியைக் கீழுதட்டில் சாய்த்து, அது விழுங்கும்வரை காத்திருந்து காட்டினேன். "அடுத்த கரண்டிக்கு அறுபது எண்ணணும் பாய். அவசரம் கூடாது."

அவர் யோசித்தார். "ஒரு பொத்தான் தைக்கிற நேரம்" என்றார்.

அவ்வளவுதான், அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஊசியில் நூல் கோக்கிற விரல்கள் அவை. ஒரு சொட்டு சிந்தவில்லை. இடதுகையில் இல்லாத ஊசியைப் பிடித்தபடி பெருவிரலையும் சுட்டுவிரலையும் மெல்ல அசைத்துப் பொத்தான் தைத்து முடிப்பார், வலதுகை ஒரு கரண்டி புகட்டும். ஒவ்வொரு கரண்டிக்கும் சிலேட்டில் ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். நான் வார்டைச் சுற்றி வரும்போதெல்லாம் கோடுகள் கூடியிருந்தன.

முப்பதாவது கோட்டில் குழந்தை வாந்தி எடுத்தது.

நான் ஓடி வரும்போது பாய் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கரண்டி தரையில் கிடந்தது. "சொன்னேன்ல! சொன்னேன்ல நர்ஸம்மா! மறுபடியும் எங் கையால…" அவர் குரல் வார்டுக்குள் கேட்டது. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுப்போம்" என்றேன். "முடியாது. இனி ஒரு சொட்டுக் குடுக்க விட மாட்டேன்" என்று தொட்டிலை மறைத்துக்கொண்டு நின்றார்.

திரை விலகியது. பெரிய சிஸ்டர் நின்றார்.

என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். சிலேட்டைப் பார்த்தார். குனிந்து, வாந்தி பட்ட துணியை எடுத்துத் தரையில் விரித்தார். ஈரம் எதுவரை பரவியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். "அதே துணியில் இன்னொன்று கொண்டு வா. வேறு கரண்டியும் கொண்டு வா" என்றார். கொண்டுவந்தேன். அதைப் பக்கத்தில் விரித்து, கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி தண்ணீரை நடுவில் ஊற்றினார். பிறகு இரண்டாவது. மூன்றாவது ஊற்றியதும் ஈரவட்டம் இரண்டும் ஒரே அளவாயின. அப்போதுதான் பாயிடம் திரும்பினார்.

"நீர் தையல்காரர்தானே? இந்த இரண்டும் ஒரே அளவா, பார்த்துச் சொல்லும்."

பாய் மெல்லக் குனிந்தார். சாணும் விரலும் வைத்து இரண்டு வட்டங்களையும் அளந்தார். "ஒரே அளவுதான்."

"முப்பது கரண்டி கொடுத்திருக்கிறீர். மூன்று வெளியே வந்திருக்கிறது. மீதி எங்கே?"

பாய் துணியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். சிலேட்டின் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"உள்ளதாம்மா இருக்கு" என்றார் கடைசியில். சொல்லும்போதே உதடு கோணி, மனிதர் முக்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பெரிய சிஸ்டர் தடுக்கவில்லை. அழுது ஓயும்வரை காத்திருந்து, "கையைக் கழுவும். அரைக் கரண்டியிலிருந்து தொடங்கும்" என்றார். போகும்போது என்னிடம், "சாயங்காலம் என் அறைக்கு வா" என்றார்.

பாய் மறுபடி தொடங்கினார். மத்தியானம் நான் கொண்டுபோன கஞ்சியை அவர் தொடவில்லை. இரண்டு மணிக்கு, அவர் மடியில் கிடந்த குழந்தை தானாகவே கரண்டியைத் தேடி வாயைத் திறந்தது. மூன்றரை மணிக்கு ஒரு முறை பேதி, ஆனால் முன்பைவிடக் குறைவு. நாலே முக்கால் இருக்கும். நான் இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"நர்ஸம்மா! நனைச்சிருச்சு! நனைச்சிருச்சு!"

ஓடினேன். பாயின் வேட்டியெல்லாம் ஈரம். அதை ஏதோ பட்டுச் சால்வைபோல் இரு கையாலும் ஏந்திக் காட்டினார். முகர்ந்து பார்த்தேன், சிறுநீர்தான். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த தாய்மார்களில் யாரோ ஒருத்தி குலவை போட்டாள். பேதி வார்டில் குலவைச் சத்தம் கேட்டது அன்று ஒருநாள்தான்.

சாயங்காலம் பெரிய சிஸ்டர் அறைக்குப் போனேன். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அவரை உள்ளே கொண்டுவந்தது தப்பில்லை. என்னிடம் சொல்லாமல் கொண்டுவந்தது தப்பு. திரையை எந்தப் பக்கம் வைத்தாய்? நாலாவது கட்டில் அம்மாளின் தலைமாட்டிலிருந்து பார்த்தால் அந்த ஆள் தெரிகிறார். அவள் வீட்டார் பார்த்திருந்தால் நாளைக்கு இந்த வார்டில் பாதிக் கட்டில் காலி. அவர்கள் பிள்ளைகளை யார் காப்பாற்றுவது?"

நியாயம். "ஒரு வாரம் புட்டி கொதிக்க வைக்கும் வேலை உனக்கு" என்றார். தொப்பி போட்ட நர்ஸுக்குப் பயிற்சிப் பெண்ணின் வேலை. செய்தேன்.

அந்த ஒரு வாரம் முடியும் முன்பே தச்சர் ஒருவர் வந்து, பின் வராந்தாவில் ஆளுயரத்துக்கு மூங்கில் தட்டி அடித்து, தனி வாசலும் வைத்துவிட்டுப் போனார். யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. தாய் இல்லாத, அல்லது தாய் நோயில் கிடக்கிற குழந்தைகளின் தகப்பன்மார் அங்கே உட்காரலாம் என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு வந்தது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. பெரிய சிஸ்டர் வாய்விட்டுப் பாராட்டும் வழக்கம் இல்லாதவர். அந்தத் தட்டியை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். கொல்லர், வண்டிக்காரர், பூ வியாபாரி, சம்சாரி என்று எத்தனை தகப்பன்மார்! பெண்களைவிட அவர்களுக்குப் பயம் அதிகம். பயம் தெளிந்துவிட்டால் பிடிவாதமாகச் செய்வார்கள்.

சுலைகா மூன்றாம் நாள் பால்கஞ்சி குடித்தாள். மைமூனுக்கு நினைவு திரும்ப மேலும் பத்து நாளாயிற்று. வீட்டுக்குப் போகும் அன்று பாய் என்னிடம் ஒன்று கேட்டார். "அந்த உப்பு சர்க்கரை எம்புட்டுனு இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. எங்க தெருவுல சொல்லணும்." சொன்னேன். எழுதிக்கொள்ளவில்லை, அளவைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார்.

பிறகு நான் எத்தனையோ குழந்தைகளைப் பார்த்தேன். போனவையும் உண்டு, நினைத்தால் இன்னும் வலிக்கிறது. ஆனால் சென்ற மாதம் வந்த அந்த நர்ஸ் பெண்கள் கேட்ட கேள்விக்கு நான் சொல்ல வேண்டிய பதில், பாய் வந்துபோய் இரண்டு வருஷம் கழித்து அழகர்கோவிலில் கிடைத்தது.

திருவிழாக் கூட்டத்துக்காக மலையடிவாரத்தில் வைத்தியக் கொட்டகை போட்டிருந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நானும் போயிருந்தேன். வண்டிகளுக்கிடையே நடந்து போகையில், ஒரு கூண்டு வண்டியின் நிழலில் உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் மடியில் பையனைக் கிடத்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூன்று கல் அடுப்பில் பானை கொதித்து இறங்கியிருந்தது. பையனுக்குப் பேதி என்பது பார்த்ததும் தெரிந்தது. அந்த ஆள் வெற்றிலை ஒன்றைக் குழியாக மடித்து, அதன் நுனி வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விட்டுவிட்டு நிறுத்துவார். வானத்தைப் பார்த்து உதட்டை அசைத்து எண்ணுவார். மறுபடி விடுவார்.

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்றேன்.

"எம் மச்சினன் சொன்னான். மதுரைக்குச் சட்டை தைக்கப் போனானாம். அங்க ஒரு பாய், அளவெடுக்கையிலேயே புள்ளைகுட்டி சொகமானு கேப்பாராம். பேதினு சொன்னா மிஷினை நிறுத்திப்புட்டு இதைச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் சட்டையைத் தைப்பாராம். கரண்டி இல்லைனா வெத்தலை போதும்னு நானாப் பாத்துக்கிட்டது."

வெற்றிலையை நான் யோசித்ததே இல்லை. பையனின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன், உடனே படிந்தது. கண்ணில் ஈரம் இருந்தது. நான் பையிலிருந்து கரண்டியை எடுத்து, "குடுங்க, கொஞ்ச நேரம் நான் புகட்டுறேன்" என்று குனிந்தேன்.

அவர் என் வெள்ளைச் சேலையையும் தொப்பியையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையனைத் தன் பக்கமாகச் சற்றுத் திருப்பிக்கொண்டார்.

"வேணாந்தாயி. நீங்க ஆசுபத்திரிக்காரவுக, ஆயிரம் சோலி இருக்கும், வேகமா ஊத்திருவீக. இதைப் பொறுமையாச் செய்யணும். நான் பாத்துக்கிறேன்."

நான் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வண்டிக்கு நடந்தேன்.